குட்டையாக இருந்த பின்பக்கக் கம்பி

இருபத்தொன்பது வருஷமாக அவருக்குச் சோறு போட்ட வேலை, கார்ச் சக்கரங்களை நேராக்குவது. வீல் அலைன்மென்ட் கடையில் அவரை எல்லோரும் நேர்கோடு என்றுதான் கூப்பிட்டார்கள். யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் ஒரு படம் அரை விரல் சாய்ந்திருந்தால் போதும், காபி தொண்டையில் இறங்காது. எழுந்துபோய் நிமிர்த்திவிட்டு வந்துதான் உட்காருவார். அப்பேர்ப்பட்ட மனுஷன், நேராக்கவே கூடாத ஒன்றை நேராக்கிவிட்டுத் திருதிருவென்று விழித்த கதை இது.

அவருக்கு ஓர் அக்கா, நாலு வயசு மூத்தவள். பல்செட் செய்யும் லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றாள். அடுத்த மாதமே குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் பிரித்த பிறகு விரல்கள் அசைந்தன. மணிக்கட்டு மட்டும் உள்பக்கமாக மடங்கியபடியே நின்றுவிட்டது. விரலுக்கு ஏதாவது வேலை கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றார் டாக்டர். மற்றவர்களாக இருந்தால் ரப்பர் பந்து வாங்கிப் பிசைவார்கள். அக்கா, ரிமோட்டில் ஓடும் பாறையேறி வண்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள். முழங்கை நீளம், குண்டு குண்டாக நாலு டயர். வேகம் என்ற பேச்சே கிடையாது. ஆனால் பாறைமேல் விட்டால் நிதானமாகத் தொற்றி ஏறும்.

"இந்த வயசுல பொம்மைக் காராக்கா?" என்று சிரித்தவர், அடுத்த ஞாயிறே டூல் பாக்ஸோடு அவள் வாசலில் நின்றார்.

அக்கா வீட்டுக்குப் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், கட்டடக்காரர்கள் விட்டுப்போன கற்குவியல் இருந்தது. அதில் ஒரு பாறைக்கு அக்கா வைத்த பேர் மாமியார். என்ன செய்தாலும் மனசு இரங்காது, பாதி வழியில் தள்ளிவிடும். அக்காவின் நிஜ மாமியார் பரம சாது. வாழ்க்கையில் அந்த ஒரு குறையைப் பாறை தீர்த்துவைத்தது.

அந்த வண்டியின் சூட்சுமம் முழுக்க லிங்க் எனப்படும் கம்பிகளில் இருந்தது. முன் அச்சுக்கு நாலு, பின் அச்சுக்கு நாலு. அச்சை வண்டியின் உடம்போடு பிடித்துவைப்பவை அவைதான். பின்பக்கத்து மேல் கம்பிகளை உடம்பில் ஓர் ஓட்டை கீழே மாட்டினால், ஏறும்போது பின்பக்கம் துள்ளும். ஓர் ஓட்டை மேலே மாட்டினால் பின்பக்கம் உட்கார்ந்து, மூக்கு தூக்கி, வண்டி மல்லாந்துவிடும். சரியான ஓட்டையைக் கண்டுபிடிக்க மூன்று ஞாயிறு ஆயிற்று. முன் சக்கரத்துக்குள் கனத்துக்காகப் பித்தளை வளையம் போட்டுப் பார்த்தார்கள்.

"போதும்டா, உன்னை மாதிரியே இதுவும் மூச்சு வாங்குது," என்றாள் அக்கா.

"எல்லாக் கம்பியும் ஒரே அளவா, நேரா இருக்கணும்க்கா. அதான் முக்கியம்."

"வாய்க்குத் தகுந்த மாதிரிதான்டா பல்லு வைக்கணும். பல்லுக்குத் தகுந்த மாதிரி வாயை இழுத்துக் கட்ட முடியுமா?"

இப்படி மல்லுக்கட்டிக்கொண்டே பொழுது போகும். வண்டியைத் திருப்ப ஒரு குட்டிச் சக்கரம் வைத்த அந்த ரிமோட்டை மட்டும் அவர் கையில் தரவே மாட்டாள். ஒருநாள் வண்டி மாமியாரின் உச்சியில் போய் நின்றபோது, இரண்டு பேரும் போட்ட கூச்சலில் தொட்டிமேல் இருந்த காக்கைகள் எல்லாம் பறந்தன. அந்த ஞாயிறுகளை நினைத்தால் அவருக்கு இப்போதும் நெஞ்சு இனிக்கும். அதைவிட நல்ல நாட்கள் தன் வாழ்க்கையில் வந்ததில்லை என்று மனைவி காதுபடவே சொல்வார், வாங்கிக் கட்டிக்கொள்வார்.

போன வருஷம் அக்கா போய்ச் சேர்ந்தாள். வண்டி இருந்த பெட்டி அவர் வீட்டுக்கு வந்தது. எட்டு மாதம் அதைத் திறக்க அவருக்கு மனசு வரவில்லை. பிறகு வெளிநாட்டிலிருந்து அக்கா மகள் போன் செய்தாள்: "அடுத்த மாசம் வர்றேன் மாமா. அம்மா வண்டியை நான் எடுத்துட்டுப் போறேன்."

அக்கா மகளுக்கு அழுக்கு வண்டியையா கொடுப்பது? ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து பிரித்தார், மண்ணெண்ணெயில் கழுவினார். அப்போதுதான் கண்ணில் பட்டது: பின் அச்சின் வலது கீழ்க் கம்பி, இடதைவிடக் குட்டை. "அடடா, இதைக் கவனிக்காம விட்டுட்டோமே!" என்று கம்பியின் முனையைத் திருகி, இடதுக்குச் சமமாக நீட்டி மாட்டினார். கடையில் எந்தக் கார் வந்தாலும், தொடுவதற்கு முன் இருந்த அளவைத் தாளில் குறித்துவைப்பது அவர் பழக்கம். இதற்குக் குறிக்கவில்லை. சொந்த வண்டிதானே என்ற அலட்சியம்.

வந்தவள் பெட்டியைத் திறந்து வண்டியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். "எதையும் மாத்தலையே மாமா?"

"சுத்தம் பண்ணி வச்சிருக்கேன். ஒரு கம்பி குட்டையா இருந்துச்சு, அதையும் சரி பண்ணிட்டேன்," என்றார் பெருமையாக.

அவள் முகம் சட்டென்று வாடிவிட்டது. "அது அம்மா வேணும்னே வச்சது மாமா. அவங்க கை மடங்கி இருக்கறதால, ரிமோட் சக்கரத்தை எப்பவும் இடது பக்கம் இழுக்குமாம். அதைத் திருத்தற பட்டனும் உடைஞ்சு போச்சாம். அதனால வண்டி வலது பக்கம் இழுக்கற மாதிரி கம்பியைக் குறைச்சுக்கிட்டாங்க. மாமாகிட்ட சொல்லிடாதே, நேராக்கிடுவான்னு போன்ல ஒரே சிரிப்பு."

அவர் அந்தக் கம்பியை விரலால் தடவிப் பார்த்தார்.

"துணிமணி, மூக்குக்கண்ணாடி எல்லாம் என்கிட்ட இருக்கு," என்றாள் அவள். "அம்மாவோட கை இது ஒண்ணுலதான் இருந்துச்சு."

எத்தனை சுற்றுத் திருகினோம் என்று யோசித்து யோசித்துப் பார்த்தார். நினைவில்லை. கம்பி முனையின் மரையில் மண் எதுவரை படிந்திருந்தது என்பது பழைய அளவைக் காட்டிக் கொடுத்திருக்கும். அதையும் கழுவிக் கொட்டியாயிற்று. இரவெல்லாம் புரண்டார். விடிந்ததும் அவளை மொட்டைமாடிக்குக் கூப்பிட்டார்.

"கையை வச்சுத்தானே அக்கா கம்பியை அளந்தா? அந்தக் கை கிடைச்சா கம்பியும் கிடைக்கும்," என்று ரிமோட்டைப் பிடித்து மணிக்கட்டை மடக்கிக் காட்டினார்.

"அப்படி இல்ல மாமா." கை உடைந்த பிறகு ஊருக்கு வந்து ஆறு மாதம் தங்கி அம்மாவைக் குளிப்பாட்டி, அந்தக் கைக்குச் சட்டை மாட்டிவிட்டவள் அவள்தான். கட்டுத்துணி கொண்டு வந்தாள். "இன்னும் மடங்கணும். கட்டைவிரல் வெளியில. சுண்டுவிரல் எதுலயும் படாது." அவர் மணிக்கட்டை வளைத்துச் சுற்றி இறுக்கினாள். அந்தக் கையை ரிமோட் சக்கரத்தில் வைத்ததும், அதன் கனமே சக்கரத்தை இழுத்தது. வண்டி இடது பக்கம் போய்ப் பூந்தொட்டியில் முட்டியது.

கம்பியின் முனையில் உள்ள வளையம் போல்ட்டில் தட்டையாக உட்கார வேண்டும். அதனால் அரை அரைச் சுற்றாகத்தான் குறைக்க முடியும். கழற்றுவது, அரைச் சுற்று, மாட்டுவது, ஓட்டுவது. அவர் கை கட்டுக்குள் இருந்ததால் அவளே ஸ்பேனர் பிடித்தாள். இரண்டாம் தடவையும் பூந்தொட்டி, மூன்றாம் தடவையும் பூந்தொட்டி. ஐந்தாவது அரைச் சுற்றில், வண்டி தரை ஓட்டின் கோட்டைப் பிடித்துக்கொண்டு மறுசுவர் வரை அலுங்காமல் போனது. ஆறாவதில் வலது பக்கம் சாய்ந்தது. மறுபடி ஐந்துக்கே வந்தார்கள்.

கட்டைப் பிரிக்காமலே கற்குவியலுக்குப் போனார்கள். மாமியார் முதல் தடவை தள்ளிவிட்டாள். இரண்டாம் தடவை வண்டி விளிம்பில் நின்று யோசித்தது, பின்பக்கம் ஒரு தரம் அமுங்கியது, ஏறிவிட்டது.

"இதேதானா மாமா அம்மா வச்ச அளவு?"

"சத்தியம் பண்ண மாட்டேன்மா. அரைச் சுற்று முன்னப் பின்ன இருக்கலாம்." இடது கையால் வண்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "அக்காவை ரொம்பத் தேடுதும்மா எனக்கு."

கட்டைப் பிரித்துவிட வந்தாள். முடிச்சில் விரல் வைத்தவள், பிரிக்கவில்லை. மடங்கியிருந்த அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "அம்மா," என்றாள்.

மணிக்கட்டு விண்விண்ணென்று வலித்தது. அவர் கையை அப்படியே வைத்திருந்தார்.