நொட்டை அக்காவின் இடது காது

ஒரு படம் வீட்டில் போட்டுப் பார்க்கும் டிஸ்காக அச்சாகும் முன், படத்திலும் ஒலியிலும் குறை தேடுவது அவள் வேலை. அதற்குச் சம்பளமும் கொடுத்து 'நொட்டை அக்கா' என்று பட்டமும் கட்டியிருந்தார்கள். பதினாறு வருஷத்தில் ஒரு படத்தையாவது படமாகப் பார்த்திருப்பாளா என்பது சந்தேகம். கதாநாயகி கதறி அழுதால், கன்னத்தில் நிறம் பிசகியிருக்கிறதா என்றுதான் பார்ப்பாள்.

மூன்று மாதம் முன்பு அவளுக்கு இடது காதில் சீழ் வைத்தது. ஆறிவிட்டது என்றார் டாக்டர். அவளுக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. மேலாளர் பூசி மெழுகாமல் சொல்லிவிட்டார்: "இந்தப் போர்ப்படத்தப் பாத்துக் குடுங்கம்மா. காது ஒத்துழைக்கலன்னா பேக்கிங் பக்கம் போயிடலாம்." நாள் முழுக்க அட்டைப்பெட்டி மடிப்பதா?

படம் பளிச்சென்று இருந்தது. சேற்றில் கிடந்த தோட்டாக்களை எண்ணிவிடலாம். ஒலிதான் உறுத்தியது. பீரங்கி வண்டி இடமிருந்து வலம் போக, அதன் உறுமல் எதிர்த்திசையில் போனது போலிருந்தது. பாழாய்ப்போன காது என்று விட்டுவிட்டாள். கொஞ்ச நேரத்தில் ஒரு சிப்பாயின் பக்கத்தில் குண்டு வெடித்தது. அவளுக்கு இடது பக்கம் சுத்தமாக அடங்கிப்போனது.

அவ்வளவுதான், பிழைப்பு போச்சு என்று கண் கலங்கிவிட்டது. ஒரு நப்பாசையில் ஹெட்போனை இடவலம் மாற்றி மாட்டி, அதே காட்சியை மறுபடி ஓட்டினாள். இப்போது வலது காதில் மௌனம். இடது காதில் மழை சொட்டுவதுகூடத் துல்லியமாகக் கேட்டது. காது நன்றாகத்தான் இருக்கிறது! தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். அப்புறம்தான் திரையைச் சரியாகப் பார்த்தாள், பார்த்ததும் மேலாளரிடம் ஓடினாள்.

"ஒரு பக்கம் சத்தம் அடங்கறது வேணும்னே செஞ்சதும்மா. குண்டு வெடிச்சதுல சிப்பாய்க்குக் காது அடைச்சிடுது. ஏற்கெனவே ரெண்டு பேர் பாத்து சரின்னுட்டாங்க."

"அடைக்கட்டும் சார். எந்தக் காதப் பொத்திக்கறான், அதப் பாருங்க."

முதுகுப்பக்கமிருந்து எடுத்த காட்சி. சிப்பாய் பொத்தியது வலது காதை; ஒலி அடங்கியதோ இடது பக்கம். மேலாளர் பீரங்கி வண்டியையும் ஓட்டிப் பார்த்தார். ஒலியில் இடமும் வலமும் படம் முழுக்க மாறிக் கிடந்தன. "நல்ல வேளை!" என்று அச்சுக்கூடத்துக்கு ஃபோன் போட்டு வேலையை நிறுத்தச் சொன்னார். "அடுத்த படத்தையும் நீங்களே பாத்துடுங்கம்மா."

வெளியே வந்ததும் கணவர் ஃபோனில் கூப்பிட்டார். மூன்று மாதத்தில் முதல் தடவையாக ஃபோனை இடது காதில் வைத்தாள்.

"என்னாச்சு?" என்று அவர் வழக்கம்போல் தொண்டை கிழியக் கத்தினார்.

"மெதுவாப் பேசுங்க. இனிமே நீங்க முணுமுணுத்தாக்கூட எனக்குக் கேக்கும்."