இரண்டாவது சாலுரான்

ஆறுமுகம் தன் மனைவி பஞ்சாலையை விட்டுப் போய்ப் பதினேழு வருடம். போகும்போது துணிமணி, மோட்டார் சைக்கிள், சுவரில் இருந்த கண்ணாடி எல்லாவற்றையும் கொண்டுபோனான். வாக்காளர் பட்டியலில் இருந்த முகவரியை மட்டும் மாற்றவில்லை. காரணம் சோம்பல். பஞ்சாலை மனசுக்குள் அதற்கு வேறு காரணம் வைத்திருந்தாள்.

அதனால் தேர்தல் வந்தால் லாபு எஸ்டேட்டில் அவளுடைய லயத்து வீட்டுக்கு இரண்டு அறிவிப்பு அட்டைகள் வரும். பெயர், எந்தப் பள்ளிக்கூடம், எத்தனையாவது சாலுரான். வயதுவாரியாகப் பிரித்த ஓட்டு வரிசைக்குத்தான் சாலுரான் என்று பெயர். அட்டைக் கட்டு எஸ்டேட் ஆபீசுக்கு வரும். காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் எண்ணி முடித்ததும் கணக்கெழுதும் கிராணி கணேசமூர்த்தி பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்.

“ஆறுமுகம்!”

“குடுங்க கிராணி,” என்று பஞ்சாலை கை நீட்டுவாள்.

“புருஷனக் காணோம், அட்டைக்கு மட்டும் பொண்டாட்டி இருக்கா லா,” என்பாள் கூட வேலை செய்யும் ராக்கம்மா.

பெரட்டே சிரிக்கும். பஞ்சாலையும் சிரிப்பாள். கூடச் சிரித்தால்தான் சீக்கிரம் விடுவார்கள்.

ஓட்டு நாளன்று தமிழ்ப்பள்ளி வாசலில் நிற்பாள். இப்போது குடியிருக்கும் சுங்கை காடுட்டிலிருந்து ஆறுமுகம் வருவான்.

“எத்தனாவது சாலுரான்?”

“ரெண்டு.”

அட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவான். நான்கு தேர்தல், நான்கு முறை. பிரிந்தபின் அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

ஐந்தாவது தேர்தலுக்கு ஒரு வாக்கியம் கூட்டுவதென்று முடிவு செய்திருந்தாள். எண்ணைச் சட்டென்று சொல்லிவிடக் கூடாது. அட்டையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, “சாப்டீங்களா?” என்று கேட்க வேண்டும். எண் வேண்டுமென்றால் அவன் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். செம்பனை மரத்தடியில் உதிரிப்பழம் பொறுக்கும்போதெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். இரண்டு வாரம்.

ஓட்டு நாளன்று அவன் காரில் வந்தான். கூடவே ஒரு பெண் இறங்கினாள். சுங்கை காடுட்டில் அவன் கட்டிக்கொண்டவளுக்குப் பிறந்தவள், பெயர் ஷாமினி என்று பஞ்சாலை கேள்விப்பட்டிருந்தாள். அவன் மூக்கு அவளுக்கு அப்படியே இருந்தது. நடந்துகொண்டே போனில் அவனுடைய அடையாள அட்டை எண்ணைத் தட்டினாள்.

“ஐசி நம்பர இன்னொரு தடவ சொல்லுங்கப்பா... ஆ, வந்துருச்சு. சாலுரான் ரெண்டு.”

அவன் வாசலைத் தாண்டினான். பஞ்சாலை குறுக்கே வந்தாள். இரண்டு வாரமாகச் சொல்லிப் பார்த்தது வாயில் வரவில்லை.

“அட்டை,” என்று நீட்டினாள்.

“வேணாம் ஆன்ட்டி, போன்லயே இருக்கு,” என்றாள் பெண், மரியாதையாக. பிறகு அப்பனிடம், “யாருப்பா அவங்க?”

“அட்ட குடுக்கிறவங்க,” என்றான். நடையை நிறுத்தவில்லை.

அம்பாங்கானுக்குக் குடிபோய், ஓட்டுக்காக மட்டும் திரும்பி வந்திருந்த கிழவர் ஒருவர் காதில் அது விழுந்தது. பஞ்சாலையிடம் வந்தார்.

“அப்ப நம்ம சாலுரானையும் பாரும்மா. காலையிலேர்ந்து கேக்கிறேன், ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கிறான்.”

ஆறுமுகம் இரண்டாவது வரிசையில் கடைசி ஆளாக நின்றிருந்தான். கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

“பேரு என்ன?” என்று கிழவரைக் கேட்டாள் பஞ்சாலை.