இடது கைக்கு ஒரு மௌஸ்

நான் இடது கைக்காரன். மௌஸையும் இடது கையில்தான் பிடிப்பேன். கடைகளில் வலது கைக்கு வளைத்துச் செய்ததையே அடுக்கி வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் இதுதான் என்று கூசாமல் சொல்வார்கள். அதனால் எந்தக் கடைக்காரன் பேச்சையும் நான் நம்புவதில்லை.

போன மாதம் மௌஸ் வாங்க என்னோடு கடைக்கு வந்தவனையும் நம்பவில்லை. ஜொகூரில், தம்போயில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரன். ஐந்து பேர் சேர்ந்து ஆடும் துப்பாக்கி விளையாட்டில் நாங்கள் ஒரே அணி. என் பழைய மௌஸ் செத்துவிட்டது. வார இறுதியில் போட்டி. ஒழுங்கான மௌஸ் இல்லையென்றால் என் இடத்தில் வேறொருவனைச் சேர்த்துவிடுவார்கள்.

அவன் சொல்லி வாங்கிய ஹெட்செட் என் காதை நசுக்கியது. அவன் சொல்லி வாங்கிய கீபோர்டு என் விரலுக்கு ஒத்துவரவில்லை. இரண்டும் இப்போது அவன் மேசையில் இருக்கின்றன. "சும்மா தூசி புடிச்சிக் கெடக்குது, எனக்குக் குடு லா" என்று தூக்கிக்கொண்டு போனான்.

கடையில் நேராக ஒரு வெள்ளை மௌஸை எடுத்து என் முன்னால் வைத்தான்.

"இதான் மச்சான். ரொம்ப லைட்டு. கண்ண மூடிக்கிட்டு எடு."

கண்ணை மூட எனக்கென்ன பைத்தியமா? திருப்பிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே வளைவு. ஆனால் விளையாட்டில் குண்டு வீசக் கட்டைவிரலால் அமுக்கும் பொத்தான்கள் இடது பக்கத்தில் மட்டும். இடது கையால் பிடித்தால் அங்கே என் சுண்டுவிரல்தான் இருக்கும்.

"ரெண்டு கைக்கும் ஓகே ண்ணே," என்றான் கடைக்காரன்.

"சுண்டுவிரல்ல குண்டு வீசுவியா நீ?" என்று அவனைக் கேட்டேன்.

"பழகிடும் லா," என்று இவன் குறுக்கே விழுந்தான். இவனுக்கு என்ன அவசரம்? கை வேறு அந்தப் பெட்டியைத் தடவிக்கொண்டே இருந்தது.

"சரி, எடுக்கறேன். ஒத்துவரலன்னா அக்கா மவளுக்குக் குடுத்துருவேன். அவ ஒன்னு கேட்டுக்கிட்டே இருக்கா."

அவன் முகம் சுருங்கிவிட்டது.

"அலமாக்! இவ்ளோ நல்ல மௌஸ சின்னப் புள்ளைக்கா? அப்ப இது வேணாம் மச்சான். அந்தக் கறுப்பப் பாரு, ரெண்டு பக்கமும் பட்டன் இருக்கு."

திருட்டுப் பயல். கறுப்பு அங்கே இருப்பது அவனுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது.

பெட்டியைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கறுப்பை வாங்கினேன்.

வார இறுதியில் ஆடினேன். முதல் சுற்றிலேயே தோற்றோம். அவன் என் புது மௌஸைப் பார்த்துக்கொண்டே, "இதும் ஒனக்கு ஒத்துவரல போல மச்சான்..." என்று வாயைத் திறந்தான். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.