நாலாம் நம்பரைத் தொடாதீங்க

வெரோனா கிட்டன்ஸ் சாந்தமான பெண்மணி என்று அடக்கத்தின்போது பாதிரியார் சொன்னார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த, ரேஸ் குதிரை ஓட்டும் ஜாக்கிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தீவின் தலைநகரான பிரிட்ஜ்டவுனில் ரேஸுக்குப் போகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அவள் கோபக்காரி என்று. அந்தக் கோபம் எப்படி வந்தது என்று பாதிரியாருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. சொல்ல வாய் வந்திருக்காது. கோபத்துக்குக் காரணமானவர்களே அன்று தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பாதிக் கோயிலை நிரப்பியிருந்தார்கள்.

இளவயதில் அவள் கடற்கரை ஹோட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். லண்டனுக்குப் பஸ் கண்டக்டராகப் போன புருஷன் அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். அதற்கு ஒரு வாரம் கத்தினாள், பிறகு விட்டுவிட்டாள். விடிகிற நேரத்தில் படுக்கை விரிப்புகளைக் கொடியில் போடும்போது, லாயங்களிலிருந்து குதிரைகளைக் கடலில் குளிப்பாட்டக் கூட்டி வருவார்கள். நெஞ்சுவரை தண்ணீரில் நிற்கும், கொஞ்சம் நீந்தும், கரையேறி உதறும். மற்றப் பெண்களுக்கு அது ஒரு வேடிக்கை. வெரோனா மணலைப் பார்த்தாள். ஈர மணலில் நாலு கால் தடமும் ஒரே ஆழத்தில் விழுந்தால் அந்தக் குதிரை நன்றாக இருக்கிறது. ஒரு தடம் மட்டும் மேலோட்டமாக விழுந்தால் அந்தக் காலை ஊன்ற அது பயப்படுகிறது. இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வருஷக்கணக்காகப் பார்த்ததில் தெரிந்தது.

ரேஸ் நாளைக்கு அவள் தயாராகிற விதமே தனி. எல்லாரும் ஜெயிக்கிற குதிரையைத் தேடுவார்கள். அவள் ஜெயிக்க முடியாதவற்றை முதலில் பட்டியலிலிருந்து அடித்துவிடுவாள். மைதானம் சின்னது, வளைவு ஒவ்வொன்றும் குடத்தின் கழுத்து மாதிரி. வேகம் இருந்தும் திரும்பத் தெரியாததை அடி. முந்தின ராத்திரி மழை பெய்திருந்தால் உள்வேலிப் பக்கம் புல் சேறாகியிருக்கும், அங்கே ஓட வேண்டி வந்ததை அடி. போன தடவை ஜெயித்ததற்காகச் சேணத்தில் கூடுதல் ஈயம் ஏற்றியிருக்கிறார்களே, அதில் ஒல்லியானதை அடி. முதல்நாள் ராத்திரி ரம் கடையில் பார்த்த ஜாக்கியின் குதிரையைக் கண்ணை மூடிக்கொண்டு அடி. மிச்சம் இரண்டோ மூன்றோ நிற்கும். அதற்கு மேல்தான் யோசனையே.

அவள் சொன்னது பலித்தது. முதலில் சலவைக்கூடத்துப் பெண்கள் கேட்டார்கள், பிறகு சமையல்காரர்கள், பிறகு மேனேஜர். கடைசியில் ரேடியோவில் கூப்பிட்டார்கள். ரேஸ் நடக்கிற சனிக்கிழமை காலையில் எட்டு ரேஸுக்கும் எந்தக் குதிரைமேல் பணம் கட்டலாம் என்று அவள் டிப்ஸ் சொல்வாள். தான் ஒரு பைசா கட்டமாட்டாள். கட்டினால் கண் பொய் சொல்ல ஆரம்பிக்கும் என்பாள். பல வருஷம் தீவு முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது.

அந்தச் சனிக்கிழமை ஆறாவது ரேஸில் நாலாம் நம்பர் மஹோகனி. கருஞ்சிவப்புப் பெண்குதிரை, ஐந்து வயது. வெரோனாவுக்கு அதன்மேல் ஒரு பிரியம் உண்டு. கடலுக்குள் போக மற்றக் குதிரைகள் முரண்டு பிடிக்கும்போது இது ஆளை இழுத்துக்கொண்டு போகும். அன்று விடியலில் அது தண்ணீருக்குப் போகவில்லை. ஓரத்திலேயே நின்று இடது முன்னங்காலை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டது. குதிரைக்காரன் கிளைஸ்டன் நடத்திக் கூட்டிப்போனபோது அந்தக் கால் தரையில் படும்போதெல்லாம் தலையை மேலே தூக்கிற்று. மணலில் மூன்று ஆழமான தடம், ஒன்று வெறும் கீறல்.

கிளைஸ்டன் அவளைப் பார்த்தான், உடனே தலையைத் திருப்பிக்கொண்டான்.

அவள் நேரே குதிரையைப் பழக்கும் டிரெய்னர் ஹார்டிங்கிடம் போனாள். அவர் லாயத்து வாசலில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். மஹோகனியின் கால் பனிக்கட்டி வாளிக்குள் இருந்தது. கால்நடை டாக்டர் வருவதற்குள் வலி மரத்துப்போகும், புல்லில் ஓட்டிக் காட்டும்போது ஒழுங்காக ஓடும். அந்தத் தந்திரம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். டாக்டர் தன் கண்ணுக்குத் தெரிவதைத்தானே எழுத முடியும். ஹார்டிங் அவளை உட்காரச் சொன்னார், காப்பி வேண்டுமா என்றார். லேசான சுளுக்குதான் என்றார். முதலாளி ஃபாரிங்டனிடம் பேசுகிறேன், குதிரையை விலக்கினாலும் விலக்குவேன் என்றார். அவர் முகத்தில் அந்த நேரத்தில் பொய் இல்லை. அதனால்தான் வெரோனாவுக்குப் பிற்பாடு அவ்வளவு எரிந்தது.

அவள் அவர் சொல்லை நம்பிச் சும்மா இருந்திருக்கலாம். இருக்க மனம் வரவில்லை. ரேடியோவில் ஐந்து ரேஸுக்கு வழக்கம்போலச் சொன்னாள். ஆறாவது வந்ததும் குரலை இறக்கி, "நாலாம் நம்பரைத் தொடாதீங்க. அந்தக் குதிரை இன்னிக்கு ஓடவே கூடாது" என்றாள். அதற்கு மேல் சொல்ல வாயெடுத்தபோது நிலையத்துக்காரர் கையை ஆட்டி நிறுத்தினார். டாக்டர் அதற்குள் சரியென்று எழுதிக் கொடுத்துவிட்ட குதிரையை நொண்டி என்றால் முதலாளி கோர்ட்டுக்கு இழுப்பார் என்று அவருக்குப் பயம்.

அவள் செய்த பிழை இதுதான். முந்தின வருஷம் பத்திரிகை டிப்ஸ்காரன் ஒருவன் ஒரு குதிரையைக் கழுதை என்று எழுதினான். யாரும் அதன்மேல் கட்டவில்லை. அவன் மட்டும் மச்சான் பேரில் கட்டி, அது ஜெயித்து, ஒரு வீடே கட்டினான். அதிலிருந்து ரேஸ்காரர்களுக்குப் புது ஞானம் பிறந்திருந்தது. டிப்ஸ்காரன் வேண்டாம் என்றால், தனக்கு வேண்டும் என்று அர்த்தம். அந்த அழுக்கு தன்மேல் ஒட்டாது என்று வெரோனா நினைத்தாள். இத்தனை வருஷம் ஒரு பொய் சொல்லாதவளை அந்தக் கள்ளனோடு சேர்த்து எடைபோடுவார்கள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

மத்தியானம் மைதானத்துக்குள் நுழைந்தபோது டாக்சிக்காரர் டென்சில் பாய்ஸ் அவளைப் பார்த்துக் கண்ணடித்தார். மீன் வறுக்கிற பெண்மணியும் சிரித்தாள். ஏன் என்று புரியாமல் பந்தயப் பலகையை நிமிர்ந்து பார்த்தாள். காலையில் ஒன்றுக்குப் பன்னிரண்டு கொடுத்துக்கொண்டிருந்த நாலாம் நம்பர், ஒன்றுக்கு மூன்றாக இறங்கியிருந்தது. ஜனம் அதன்மேல் கொட்டிக்கொண்டிருந்தது.

அவள் லாயத்துக்கு ஓடினாள். கிளைஸ்டன் குதிரைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஹார்டிங் விலக்கிடறேன்னு சொன்னாரே?"

"சொன்னாரு. காலைல முதலாளிக்கு போன் பண்ணவும் பண்ணாரு. அவரும் சரி பார்க்கலாம்னாரு." அவன் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. "அப்புறம் முதலாளி சாப்பிட வந்து பலகையைப் பார்த்துட்டாரு. ஊரே என் குதிரைதான்னு சொல்லுது, நீ விலக்கச் சொல்றியான்னு கேட்டாரு. ஏன் மிஸ் வெரோனா, நீங்க வாயை மூடிட்டு இருந்திருக்கக் கூடாதா?"

அந்தக் கேள்வி அவள் நெஞ்சில் முள் மாதிரி ஏறிற்று. சாகும்வரை அது இறங்கவில்லை.

ஹார்டிங்கைத் தேடிப் பிடித்தாள். அவர் இப்போது அவள் கண்ணைப் பார்க்கவில்லை. என் கையில் ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே, முதலாளிகள் உட்காரும் மாடிக்கு ஏறிப் போய்விட்டார். பெண்களும் டிப்ஸ்காரர்களும் அந்தப் படியில் ஏற முடியாது. அவள் இரண்டும்.

ஆறாவது ரேஸுக்கு முன்னால் ரேடியோ கூண்டுக்குள் புகுந்து, வர்ணனை சொல்பவரைத் தள்ளிவிட்டு மைக்கைப் பிடித்தாள்.

"நான் வெரோனா கிட்டன்ஸ். மஹோகனிக்கு இடது முன்னங்கால் நொண்டுது. ரகசியம், குறிப்பு எதுவும் இல்ல. நான் பணம் கட்டல. என்னை நம்பலைன்னா அது நடக்கறதைப் போய்ப் பாருங்க."

மரத்தடியில், புல்வெளியில், கார்களின்மேல், எங்கும் டிரான்சிஸ்டர்கள் இருந்தன. பிறகு எங்கிருந்தோ சிரிப்பு கிளம்பி மைதானம் முழுக்கப் பரவிற்று.

"அடேயப்பா, விலை இறங்கிடுச்சுன்னு கிழவிக்கு வயித்தெரிச்சல்," என்று யாரோ கத்தினார்கள். "மறுபடி ஏத்தப் பாக்கறா."

பணம் கட்டும் ஜன்னல்களுக்கு முன்னால் வரிசை இன்னும் நீண்டது. நாலாம் நம்பர் ஒன்றுக்கு ஒன்று ஆயிற்று.

மஹோகனி ஜெயித்தது. அதைத்தான் அவளால் மன்னிக்கவே முடியவில்லை. பின்தங்கியிருந்தால் ஜாக்கி எல்ரிக் கடிவாளத்தை இழுத்துப் பிடித்திருப்பான். ஜெயிக்கிற இடத்தில் இருந்ததால் கடைசி வளைவில் எல்ரிக் சாட்டையை எடுத்தான். அந்தக் குதிரைக்கு ஓடத்தான் தெரியும், நிற்கத் தெரியாது. ஒரு கழுத்து வித்தியாசத்தில் ஜெயித்து, எல்லைக் கம்பத்தைத் தாண்டி, நாலு எட்டு வைத்தது. ஐந்தாவது எட்டுக்கு அந்தக் கால் இல்லை. கூட்டம் அதைப் பார்க்கவில்லை. கூட்டம் முதுகைத் திருப்பிக்கொண்டு பணம் வாங்க ஓடிக்கொண்டிருந்தது.

விழுந்த குதிரையை மறைக்கக் கித்தான் திரையைக் கொண்டுவந்து நாலு பேர் பிடித்தார்கள். வெரோனா அந்தப் பக்கம் நடக்க ஆரம்பித்தபோது டென்சில் வழியை மறித்தார். ஒரு கையில் ரம் பாட்டில், மறுகையில் தட்டு. தட்டில் ஊறவைத்த பன்றிக்கறியும் சர்க்கரைவள்ளிக் கிழங்குப் புட்டும். டிப்ஸ் பலித்தால் சொன்னவர்களுக்குச் சாப்பாடு வாங்கித் தருவது அங்கே மரியாதை.

"மிஸ் வெரோனா, கண்ணடிக்கறதுன்னா இப்படி அடிக்கணும். ரெண்டாவது தடவை மைக்குல அழுதீங்க பாருங்க, சொத்தை வித்துக் கட்டலாம் போல இருந்துச்சு. சாப்பிடுங்க தாயே."

அவள் தட்டை வாங்கவில்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். விரிப்புகளைப் பிழிந்து பிழிந்து இறுகிய கை. தட்டோடும் பாட்டிலோடும் அவரை வேலிக்கடியில் இழுத்துக்கொண்டு, புல்லைக் கடந்து, திரைக்குள் தள்ளினாள்.

கால் முறிந்த குதிரையைக் கொன்று டாக்டர் தன் வேலையை முடித்திருந்தார். கிளைஸ்டன் குதிரையின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு மண்டியிட்டிருந்தான். எல்ரிக் சேணத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். டென்சில் பார்த்தார். தட்டிலிருந்து சாறு அவர் சட்டைக் கையில் வழிந்துகொண்டிருந்தது. அவர் கெட்ட மனிதர் அல்ல. அவர் கண் கலங்கிற்று. அப்புறம் அவர் சொன்னார்:

"இதை நீங்க எங்ககிட்டச் சொல்லியிருக்கணும்."

"சொன்னேன்" என்றாள் வெரோனா. "ரெண்டு தடவை சொன்னேன். போ டென்சில். போய் உன் பணத்தை வாங்கிக்கோ."

அவர் போனார். பணத்தையும் வாங்கிக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டாள்.

அவள் எல்ரிக் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரிஞ்சுதா?"

"ஏறின உடனே தெரிஞ்சுது." அவன் சேணத்தின் வாரைச் சுற்றி மடித்தான். "இறங்கியிருந்தா அடுத்த வாரம் எவன் எனக்குக் குதிரை குடுப்பான்?"

"ரேடியோல நான் சொன்னது?"

"எங்க ரூம்ல ரேடியோ கிடையாது, மிஸ் வெரோனா. யாரும் எங்ககிட்ட எதுவும் சொல்றதில்ல."

அவள் அங்கேயே நின்றாள். ஊரெல்லாம் கேட்கும்படி கத்தியிருக்கிறாள். குதிரை மேல் உட்காரப்போகிற ஒருவனிடம் சொல்லத் தோன்றவில்லை.

ரேடியோவுக்கு அதன்பின் அவள் போகவில்லை. கூடுதலாகத் தருகிறோம் என்றார்கள், வந்தவரைக் கெட்ட வார்த்தையில் திட்டி அனுப்பினாள். ஆனால் விடியலில் கடற்கரைக்குப் போவதை விடவில்லை. அடுத்த ரேஸ் நாளைக்கு ஜாக்கிகள் உடை மாற்றும் கட்டடத்தின் பின்வாசலில் போய் நின்றாள். காவலாளி பெண்கள் வரக்கூடாது என்றான். நான் உள்ளே வரவில்லை, அவர்களை வெளியே அனுப்பு என்றாள். எல்ரிக் சட்டைக் கைப் பொத்தானைப் போட்டபடி வந்தான், அவன் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

"மூணாவது ரேஸ், ரெண்டாம் நம்பர். வலது பின்னங்கால். யார் ஏறப்போறது?"

எல்ரிக்தான். அவன் பொத்தானைப் போட்டு முடித்தான். உள்ளே போனான். மூன்றாவது ரேஸுக்கு மணி அடித்தபோது குதிரைகளைச் சுற்றி நடத்திக் காட்டும் பேடாக்கில் குதிரையின்மேல் ஏறினான், ஒரு சுற்று நடத்தினான், டிரெய்னர் முன்னால் வந்து இறங்கினான். என்னால் முடியாது என்றான். மாற்று ஜாக்கியைக் கூப்பிட்டார்கள். அவன் எல்ரிக்கைப் பார்த்தான், அவனும் முடியாது என்றான். மூன்றாவது ஆளைக் கூப்பிடவில்லை.

பலகையிலிருந்து இரண்டாம் நம்பரை எடுத்தார்கள். அது நல்ல ஃபேவரிட், ஜெயிக்கும் என்று எல்லாரும் நினைத்த குதிரை. அதை நம்பி வந்திருந்த கூட்டம் கொந்தளித்தது. பின்வாசலில் நின்றவள் வெரோனா என்று ஐந்து நிமிஷத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ரேஸைக் கெடுக்கிற சூனியக்காரி என்றார்கள். எவனிடம் காசு வாங்கினாள் என்றார்கள். யாரோ சோளக்கதிர்த் தண்டை எறிந்தார்கள், அவள் தோளில் பட்டு விழுந்தது.

அவள் வேலியோரத்தில் நகராமல் நின்றாள். அவர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், யாரையும் விடாமல். அவள் முதுகுக்குப் பின்னால் கிளைஸ்டனைப் போன்ற இன்னொரு குதிரைக்காரன் இரண்டாம் நம்பரை லாயத்துக்குத் திருப்பி நடத்திக்கொண்டு போனான், மெதுவாக, அது நொண்டி நொண்டி வர.