ஒயர் கடிக்கும் வாய்க்குக் கம்பி போட்ட கதை

அந்தப் பேரை அவள் முதன்முதலில் கேட்டது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது. பெரியம்மா, வாயைத் திறந்தால் அணை திறந்த மாதிரி, வாசலில் செருப்பை உதறும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"என் நாத்தனாரோட ஓரகத்திக்குத் தம்பி ஒருத்தன் இருக்கான்டி. கரண்டு வேலை. தங்கமான பையன். எல்லாரும் குறடுன்னுதான் கூப்பிடுவாங்க."

"குறடா?"

"ஒயர் தோலைப் பல்லாலேயே உரிச்சுடுவான். வேற சாமானே வேண்டாம்."

பல்லைப் பார்த்து வாங்க இதென்ன மாடா என்று நினைத்துக்கொண்டு, அவளும் கல்யாணத்துக்குச் சரி என்றாள்.

ஏணி மேல் நிற்கிறவருக்கு ஒரு கை பிடிமானத்துக்கு, ஒரு கை ஒயருக்கு. மூன்றாவது கை வாய்தான். முன்பல்லுக்கு நடுவே கொடுத்து ஒரு கடி, ஒரு இழு. செம்பு பளிச்சென்று வெளியே வந்துவிடும். இருபது வருஷம் அப்படிக் கடித்ததில் முன்பல் இரண்டும் பேச்சுவார்த்தை இல்லாத சகலைகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டன. சிரிப்பு வந்தால் மனிதர் கையால் வாயைப் பொத்திக்கொள்வார். அவர் சிரித்து முழுசாகப் பார்த்ததில்லை என்பது அவளுக்கு ஒரு குறை. வெளியே சொன்னதில்லை.

நாற்பத்திரண்டு வயதில் கீழ்ப்பல் மேல் ஈற்றைக் குத்திப் புண்ணாக்கியது. பல் டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இப்படியே விட்டா முன்பல்லு ரெண்டும் போயிடும்ணா. கம்பி போட்டு இழுக்கணும்" என்றாள். புண்ணை ஆற்றிவிட்டுப் போட்டாள். பல்லுக்குப் பல் மிளகளவு உலோகத் துண்டு ஒட்டி, அதன் வழியே கம்பி. அந்தத் துண்டுக்குப் பேர் பிராக்கெட்.

"என்ன குறடு, வாய்க்குள்ளயே வயரிங்கா?" என்று எதிர்க்கடைக்காரர் கேட்டார்.

"ஆமா, மெயின் ஸ்விட்ச் வீட்டுக்காரி கையில" என்றார் இவர்.

நாலு மாதத்தில் மூன்று பிராக்கெட் தெறித்தன. ஒயர் தோல் உரிக்கிற ஸ்ட்ரிப்பர் பையில் தூங்கியது. கை தன்பாட்டுக்கு ஒயரை வாய்க்குக் கொண்டுபோயிற்று. போதாததற்கு ஈறெல்லாம் வீங்கி, தேய்த்தால் ரத்தம்.

டாக்டரம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "பல்லு நேராகி, சொத்தையா நின்னா யாருக்கு லாபம்? ஆறு வாரம் தர்றேன். ஈறு ஆறணும், ஒரு பிராக்கெட்கூட விழக்கூடாது. இல்லன்னா எல்லாத்தையும் கழட்டிடுவேன்."

அவர் வீட்டுக்கு வந்து, "கழட்டினா கழட்டட்டும்" என்றார். அவள் விடுவதாக இல்லை.

மறுநாள் அவர் பல் தேய்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தாள். தலை துவட்டுகிற மாதிரி நாலு இழுப்பு, ஒரு கொப்பளிப்பு, முடிந்தது. இழுத்துக் கண்ணாடி முன் உட்கார வைத்து, வேலைக்குக் கட்டுகிற நெற்றி விளக்கை மாட்டிவிட்டாள்.

"அடுத்தவன் போர்டுல தூசி இருந்தா பரம்பரையையே திட்டுவீங்களே, இங்க பாருங்க. காலையில தின்னது, நேத்து தின்னது எல்லாம் கம்பிக்கடியில குடித்தனம் நடத்துது."

பார்த்தார். வேலைக்காரனுக்கு அழுக்கு கண்ணில் பட்டுவிட்டால் கை சும்மா இருக்காது. பிரஷ்ஷைச் சாய்த்துக் கம்பிக்கு மேலே, கம்பிக்குக் கீழே, ஈறு ஓரம் என்று ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தார். கம்பிக்கும் பல்லுக்கும் நடுவே நுழைகிற குட்டி பிரஷ் ஒன்று டெஸ்டர் பக்கத்தில் பைக்குள் ஏறியது. மதியம் சாப்பிட்டதும், வேலை செய்கிற வீட்டுக் குழாயடியிலேயே கொப்பளித்துத் தேய்ப்பார். சட்டைப்பையில் போட்டுக் கொறிக்கிற வறுகடலை நின்றது. கம்பி முனை கன்னத்தைக் குத்தினால் டாக்டரம்மா தந்த மெழுகை உருட்டி அதன்மேல் ஒட்டிக்கொண்டார்.

கடிக்கிற பழக்கம்தான் அடங்கவில்லை. கடைசியில் தூசிக்குப் போடுகிற மாஸ்க்கை வேலை நேரம் பூராவும் மாட்டிக்கொண்டார். வாய்க்குப் போன ஒயர் துணியில் முட்டித் திரும்பும்.

ஐந்தாவது வாரம் அவள் தங்கச்சியின் புது வீட்டில் வேலை. ஏணியைப் பிடித்துக்கொண்டு அவள் கீழே நின்றாள். டீ குடிக்க இறக்கின மாஸ்க் தாடையிலேயே கிடந்தது. மேலே ஒயர் வாய்க்குப் போவதைப் பார்த்துவிட்டாள்.

"என்னங்க! பல்லுல வச்சீங்க, ஏணிய விட்டுடுவேன்!"

ஒயர் உதட்டில் நின்றது. "விழுந்து இடுப்பு ஒடிஞ்சா?"

"இடுப்புக்கு வேற டாக்டர் பாத்துக்கலாம். நான் அஞ்சு வாரம் காவல் காத்தது பல்லுக்குத்தான்."

தங்கச்சி சமையலறையிலிருந்து, "அத்தான், அவ செய்யறவதான், இறங்கிடுங்க!" என்றாள். அவர் முனகிக்கொண்டே இறங்கி, ஸ்ட்ரிப்பரை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினார்.

ஆறாவது வாரம் டாக்டரம்மா கொக்கி மாதிரி ஒன்றால் ஒவ்வொரு பிராக்கெட்டாக அசைத்துப் பார்த்தாள். ஈற்றை அழுத்தினாள், ரத்தம் இல்லை.

"எல்லாம் கெட்டியா இருக்கு. ஈறும் ஆறிடுச்சு. தொடரலாம்ணா."

அவர் எழுந்து, பின்னால் நின்ற மனைவி பக்கம் திரும்பிச் சிரித்தார். கை மேலே வரவில்லை. வாய் பூராவும் கம்பி.

கம்பியைக் கழற்ற இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. மனிதர் இப்போது ஸ்ட்ரிப்பரும் கையுமாக ஒரு பள்ளிக்கூடத்தின் மாடிக்கு வயரிங் செய்துகொண்டிருக்கிறார்.