மூன்று வருடம் சும்மா இருந்தவள்

1. மூன்று கட்டங்கள்

“மூணு வருசத்துக்கு முன்னாடி படிச்சு முடிச்ச பசங்க எல்லாம் இப்ப என்ன பண்றாங்க? வெள்ளிக்கிழமைக்குள்ள லிஸ்ட் வேணும் சார்” என்றார் முதல்வர். அன்று திங்கட்கிழமை. அடுத்த வாரம் தரமதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே, நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு கலை அறிவியல் கல்லூரியில் நான் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்தேன். போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். கல்லூரி அலுவலகங்களில் புதிதாகச் சேர்ந்திருக்கிறவர்கள் இதைப் படித்தால், நான் செய்த முட்டாள்தனத்தை நீங்களாவது செய்யாமல் இருக்கலாம். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

படிவத்தில் மூன்றே கட்டங்கள்: வேலை, மேற்படிப்பு, சுயதொழில். ஆளுக்கு ஒரு டிக், கூடவே ஆதாரத்துக்கு ஒரு காகிதம். பட்டம் வாங்கிய பிள்ளைகள் இந்த மூன்றைத் தவிர வேறெதுவும் செய்ய மாட்டார்கள் என்று எந்தப் புண்ணியவான் முடிவு செய்தானோ தெரியவில்லை.

சேர்க்கை விண்ணப்பத்தில் இருந்த எண்களுக்குப் போன் போட்டேன். பாதி எண்கள் உபயோகத்திலேயே இல்லை. ஒரு எண்ணை எடுத்தவர் கோட்டக்குப்பத்தில் செல்போன் கடை வைத்திருப்பவர். பையனிடம் அப்போது போன் இல்லாததால் கடை எண்ணை எழுதிவிட்டுப் போயிருக்கிறான். “அவன் துபாய் போயி ரெண்டு வருசம் ஆவுது சார். இன்னும் அவனுக்கு வர்ற போனெல்லாம் எனக்குத்தான் வருது, ஒரே பேஜாரு” என்றார் அவர்.

பி.காம். முடித்த ஒருவன் பாண்டிச்சேரியில் பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். “ஜல்தியா சொல்லுங்க சார், பார்சல் எடுத்துக்கினு போயிட்டு இருக்கேன்” என்றான். இன்னொருவன் குரூப் ஃபோர் எழுதிக்கொண்டிருக்கிறான், மூன்றாவது தடவையாக. ஒரு பெண்ணின் எண்ணை அவளுடைய மாமியார் எடுத்தார். “அவ வேலைக்கெல்லாம் போவல. காலேஜ்ல இருந்து இப்ப எதுக்குக் கேக்குறீங்க? எதுனா பிரச்சினையா?”

முதல்வரிடம் போய், இவர்களை எந்தக் கட்டத்தில் போடுவது என்று கேட்டேன். “பரீட்சைக்குப் படிக்கிறவன மேற்படிப்புல போடுங்க. அந்தப் பொண்ணு தையல் தைக்குதான்னு கேளுங்க. தைச்சா சுயதொழில்” என்றார். அந்த மாமியாருக்கு மறுபடியும் போன் செய்து, உங்கள் மருமகள் ஜாக்கெட் தைப்பாளா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. எரிச்சலில் போனை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

2. எனக்கு வந்த யோசனை

புதன்கிழமை சகாயமேரி கிடைத்தாள். பி.எஸ்சி. வேதியியல், மயிலம் பக்கத்துக் கிராமம். எனக்கு நன்றாக நினைவிருந்த பெண். ஆய்வகத்தில் பியூரெட் என்ற கண்ணாடிக் குழாயை உடைத்துவிட்டு, யாரும் கேட்பதற்கு முன்பே அலுவலகத்துக்கு வந்து, “நான்தான் சார் ஒடைச்சேன்” என்று நின்றவள்.

போனை எடுத்தவர் அவளுடைய அப்பா அந்தோணிசாமி. வானூர் பக்கம் கொத்தனார் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், முட்டி தேய்ந்து போனதால் இப்போது சாரம் ஏறுவதில்லை.

“மேரி பெரிய கம்பெனில இருக்குதுங்க. திண்டிவனம் பைபாஸ்ல பஸ் வந்து ஏத்திக்கினு போவுது. கழுத்துல கார்டு மாட்டிக்கினுதான் போவும்” என்றார். கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனி அது. பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

“அந்தக் கார்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. அர்ஜென்ட்.”

“இப்ப டூட்டில இருக்குதுங்க. போனைக் கேட்லயே வாங்கி வெச்சிடுவாங்க. வந்ததும் சொல்றேன்.”

எனக்குப் பொறுக்கவில்லை. அந்த வாரம் முழுக்க ஆதாரத்தோடு ஒரு நல்ல வேலைகூடக் கிடைக்கவில்லை. முப்பது வருட அலுவலகப் பழக்கம், எதற்கும் ஒரு கடிதம் போட்டுவிடுவது. கல்லூரி லெட்டர்ஹெட்டில், “எங்கள் கல்லூரியில் பி.எஸ்சி. பட்டம் பெற்ற செல்வி சகாயமேரி தங்கள் நிறுவனத்தில் பணிபுரிவதை உறுதி செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்” என்று அடித்து, கம்பெனியின் எச்.ஆர். பிரிவுக்கு மெயிலில் அனுப்பிவிட்டேன். முதல்வரிடமும் சொல்லி, என்னுடைய சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

3. வெள்ளிக்கிழமை காலை

கம்பெனி சீருடையிலேயே மேரி வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

“யாரக் கேட்டு சார் லெட்டர் போட்டீங்க?”

“உனக்கு நல்லதுதானேம்மா…”

“நான் பிளஸ் டூன்னு சொல்லித்தான் சேர்ந்தேன். டிகிரின்னா ஒயர் கட்டுற லைனுக்கு எடுக்க மாட்டாங்க, ஆறு மாசத்துல ஓடிடுவாங்களாம். டிகிரி வேலைக்குப் போனா எக்ஸ்பீரியன்ஸ் கேக்குறாங்க. மூணு வருசமா காண்ட்ராக்ட்ல இருக்கேன். இந்த மாசம்தான் பர்மனன்ட் லிஸ்ட் வருது, அதுல எம்பேரு இருந்துச்சு. நேத்து எச்.ஆர். கூப்புட்டு உங்க லெட்டரக் காட்டுறாரு. எங்க வீட்ல இப்ப என் சம்பளம் ஒண்ணுதான் சார்.”

ஏதாவது கேட்க வேண்டுமே என்று, “சேரும்போது நடுவுல இருக்கிற மூணு வருசத்தக் கேக்கலையா?” என்றேன்.

“கேட்டாங்க. வீட்ல சும்மா இருந்தேன்னு சொன்னேன்.”

பியூரெட் உடைத்ததை மறைக்கத் தெரியாத பெண். அவளை இப்படிப் பொய் சொல்ல வைத்தவர்கள் மீது வந்த கோபத்தைவிட என் மீது வந்த கோபம்தான் அதிகம். நாங்கள் பாடம் நடத்தி, பரீட்சை வைத்து, முத்திரை குத்தி அனுப்பிய மூன்று வருடத்துக்கு வெளியுலகில் இருந்த மதிப்பு அவ்வளவுதான். அதை மறைத்து அவள் தேடிக்கொண்ட வேலையையும் கடிதம் போட்டு நானே கெடுத்திருந்தேன்.

4. இரண்டாவது கடிதம்

அன்று மதியமே கம்பெனிக்குப் போனேன். எச்.ஆர். அதிகாரி கதிரேசன் என்று ஒருவர், முப்பத்தைந்து வயது இருக்கும். உட்காரச் சொன்னார்.

“எங்க லைன்ல பாதி பேர் டிகிரிதான் சார். எங்களுக்குத் தெரியாதா? தெரியாத மாதிரி இருக்கோம். நீங்க காகிதமா அனுப்பிட்டீங்க. காகிதம் வந்துட்டா நான் தெரியாதுன்னு சொல்ல முடியுமா?”

“அந்தக் காகிதத்த நான் வாபஸ் வாங்கிக்கறேன்.”

“அனுப்பினத எப்படி சார் வாபஸ் வாங்குவீங்க? தப்புன்னு இன்னொரு காகிதம் வந்தா வேற விஷயம்” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.

கல்லூரிக்குத் திரும்பி வந்து இரண்டாவது கடிதத்தை அடித்தேன். “முந்தைய கடிதம் தவறுதலாக அனுப்பப்பட்டது. தங்கள் நிறுவனத்தில் பணிபுரியும் சகாயமேரி எங்கள் கல்லூரியில் பயின்றவர் அல்லர்.” என் சர்வீஸில் தெரிந்தே ஒரு பொய்க்குக் கையெழுத்துப் போட்டதில்லை. போட்டேன். முத்திரையும் வைத்தேன். கையெழுத்து கோணிப் போயிற்று.

சாயங்காலம் முதல்வர் லிஸ்டைப் பார்த்துவிட்டுக் குதித்தார். “உருப்படியா இருந்தது இந்தப் பொண்ணு ஒண்ணுதான். அதையும் எடுத்துட்டீங்களே!”

“தகவல் கிடைக்கல சார்” என்றேன். மூன்று கட்டத்துக்கும் வெளியே, ஓரத்தில், பேனாவால் அதையே எழுதியிருந்தேன். எதற்கு என்று அவருக்கு விளக்கம் சொல்லவில்லை. குழு வந்தது, பார்த்தது, போனது. ஓரத்தில் இருந்ததை யாரும் படிக்கவில்லை.

மேரியின் வேலை நிரந்தரமானது.

5. பீரோவில் இருப்பது

ஒருவரைப் பற்றி ஊரெல்லாம் விசாரிப்பதற்கு முன் அந்த ஆளை ஒரு வார்த்தை கேளுங்கள். முப்பது வருடம் வேலை பார்த்து நான் கற்றுக்கொண்டது இதுதான், அதுவும் கடைசி வருடங்களில்.

ஓய்வு பெறும் வாரத்தில் பொறுப்பை ஒப்படைக்க வேண்டி பீரோவைத் திறந்தேன். பிள்ளைகள் வாங்க வராத பட்டச் சான்றிதழ்கள் ஒரு கட்டு இருந்தன. மேரியுடையதும் அதில் இருந்தது. இந்த முறை அவளுடைய எண்ணுக்கே, டூட்டி முடிந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டேன்.

“உன் டிகிரி சர்டிபிகேட் இங்க இருக்கும்மா. வந்து வாங்கிக்கோ.”

“நான் உங்க காலேஜ்ல படிக்கவே இல்லையே சார். நீங்கதான எழுதிக் குடுத்தீங்க?” என்று சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை. அவளும் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

“அங்கயே இருக்கட்டும் சார். வீட்டுக்கு எடுத்தாந்தா அப்பா பிரேம் போட்டு மாட்டிடுவாரு. கம்பெனி ஆளுங்க வந்து போறாங்க.”

ஒப்படைப்புப் பட்டியலில் அவள் பெயருக்கு நேராக, குறிப்பு என்ற இடத்தில், எனக்கு அடுத்து வருகிறவருக்காக எழுதி வைத்துவிட்டு வந்தேன்: “அவராக வந்து கேட்டால் கொடுக்கவும். கடிதம் எதுவும் அனுப்ப வேண்டாம்.”