தனியாக நின்ற நான்கு

எர்ணாவூர் குடியிருப்பில் எனக்கு அடுத்த வீட்டுக்காரர் கன்னியம்மா. அங்கன்வாடி உதவியாளர். பத்தாவது தேறினால்தான் பணியாளர் ஆக முடியும். மற்ற பாடங்களை ஒரே மூச்சில் முடித்தவர், கணக்கில் மட்டும் இரண்டு முறை தோற்றிருந்தார். பின்னம் வைத்த சமன்பாடு வந்தால் அவருக்கு விடை சரியாக வந்ததே இல்லை.

மூன்றாம் தேர்வுக்கு முந்தைய வாரம் அவர் வாசலில் உட்கார்ந்து போட்ட கணக்கு இது: x/2 + x/3 − 4 = 6. பின்னங்களை ஒழிக்க எல்லாவற்றையும் ஆறால் பெருக்க வேண்டும். அவர் 3x + 2x − 4 = 36 என்று எழுதினார். எட்டு என்று விடை வந்தது. புத்தகத்தில் பன்னிரண்டு.

"புக்கு தப்பு நைனா," என்றார் என்னிடம். "எட்டு எவ்ளோ முழுசா வந்துகீது பாரு!"

அந்த ஞாயிறு அவர் மகள் எழில்மொழிக்குக் காது குத்து. ஆறு வீட்டுக்காரர்களுக்கு விருந்து. மீன் குழம்பு வைத்தது கணவர் வல்லரசு. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைப்பவர். கன்னியம்மா ஒரு சொட்டு நக்கிப் பார்த்தார்.

"அய்யே, உப்பே இல்லியே!"

"போட்டேனே. எப்பவும் வூட்ல போடற அளவு."

"மீன ஆறு பங்கு போட்டுக்கீற, புளிய ஆறு பங்கு கரைச்சிக்கீற. உப்பு மட்டும் இன்னாயா பாவம் பண்ணுச்சு?"

"அது தனியா டப்பால இருந்துச்சுமே. கண்ல படல."

"தனியா இருந்தா வுட்டுடுவியா..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றார். கரண்டியை வல்லரசு கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினார். மிளகாய்க் கறை படிந்த விரலோடு − 4 என்பதை அடித்து − 24 என்று எழுதினார். 5x = 60.

"பன்னெண்டு! நைனா, பன்னெண்டு!"

அந்தக் கூச்சலில் குழம்புக்கு உப்புப் போட எல்லாரும் மறந்துவிட்டோம். இலையோரம் உப்பு வைத்துப் பிசைந்துதான் சாப்பிட்டோம். நான் இரண்டு முறை வாங்கினேன்.

தேர்வில் அதே மாதிரிக் கணக்கு ஒன்று வந்தது. கன்னியம்மா தேறிவிட்டார். எழுபது மதிப்பெண் என்று வல்லரசு காசிமேடு முழுக்கச் சொல்லியிருக்கிறார். சான்றிதழை நான் பார்த்தேன், அறுபத்தொன்று. இப்போது பிள்ளைகள் அவரை டீச்சர் என்று கூப்பிடுகிறார்கள்.

வேலை உத்தரவு வந்த அன்று மறுபடியும் மீன் குழம்பு.

"நா அன்னிக்கு ஒயுங்கா உப்பு போட்டுருந்தா நீ பெயிலுமே," என்றார் வல்லரசு.

"சர்தான். இன்னிக்கு போட்டுடுய்யா. இனிமே எனக்கு பரீட்ச இல்ல."